தேவையில்லாதவர்களின் விண்ணப்பம்

அமெரிக்கக் கல்வித் துறையின் புள்ளியியல் மையம் 2009-இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்த மாணவர்களில் ஒரு பெரும் மாதிரிக் குழுவைத் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்கள் பள்ளியை முடித்த 2013-இல் கேட்ட கேள்விகளில் ஒன்று, கல்லூரி நிதியுதவிக்கான மத்திய அரசுப் படிவத்தை ஏன் நிரப்பவில்லை என்பது. நிரப்பாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், தங்களுக்குத் தகுதி இருக்காது என்று நினைத்ததாகச் சொன்னார்கள். கிட்டத்தட்ட அதே அளவினர், உதவி இல்லாமலே சமாளித்துவிடலாம் என்று எண்ணியதாகச் சொன்னார்கள். ஒருவரே இரண்டையும் சொல்லியிருக்கலாம்; கேள்வி அதற்கு இடம் தந்தது.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் அமெரிக்க மேல்நடுத்தர வர்க்கம் நிற்கிறது. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் கணவன் மனைவி இருவரும் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களும் அதில் அடக்கம். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும், 'நம்ம சம்பளத்துக்கு எவன் கொடுப்பான்?' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தங்கள் வருமானத்தையும் சேமிப்பையும் அரசிடம் ஒப்பித்துவிட்டுக் 'கிடையாது' என்ற பதிலை வாங்குவானேன் என்ற கூச்சமும் அதற்குள் இருக்கிறது. கூச்சத்தைக் குறை சொல்ல முடியாது. கணக்குதான் தவறு. 'தேவை' என்பது குடும்பத்தின் நிலைமையை மட்டும் பொறுத்தது என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கக் கல்லூரி நிதியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு.

ஃபாஃப்சா என்று எல்லோரும் அழைக்கும் அந்த இலவசப் படிவம், பெற்றோரின் வருமானம், சொத்து, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு ஒரு எண்ணைத் தருகிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து அதன் பெயர் மாணவர் உதவிக் குறியீட்டெண். கல்லூரியின் ஓராண்டு மொத்தச் செலவிலிருந்து இந்த எண்ணைக் கழித்தால் வருவது 'தேவை'. ஒரு குடும்பத்துக்குக் குறியீட்டெண் 50,000 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 32,000 டாலர் ஆகும் உள்மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்தக் குடும்பத்தின் தேவை பூஜ்யம். ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டிவிட்ட தனியார் கல்லூரி ஒன்றில், அதே குடும்பத்துக்கு, அதே நாளில், 40,000 டாலருக்கு மேல் தேவை இருக்கிறது. விலை ஏற ஏறத் தேவையும் பிறக்கிறது. 'எங்களுக்குத் தேவை இல்லை' என்று ஒரு வீடு தன்னைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டால் அது முழுமையான வாக்கியம் ஆகாது. எந்தக் கல்லூரியில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண் எப்படி வருகிறது என்பதும் விசித்திரமானது. வரி, அன்றாடச் செலவு ஆகியவற்றுக்கான கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் மேல் படிநிலையில் இருப்பவர்களிடம் டாலருக்கு 47 சென்ட் கல்லூரிக்கு என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. பெற்றோரின் சொத்திலிருந்து அதிகபட்சம் 5.64 சதவீதம், பிள்ளையின் பெயரில் உள்ள சேமிப்பிலிருந்து 20 சதவீதம். பிள்ளை பெயரில் பணம் போட்டு வைப்பதைக் கடமையாக நினைக்கும் நம்மவர்களுக்கு இது ஒரு சின்ன அதிர்ச்சி. குடியிருக்கும் வீட்டின் மதிப்பு கணக்கில் வராது. ஓய்வூதியக் கணக்கில் எத்தனை லட்சம் இருந்தாலும் வராது. ஆனால் குடியிருக்காத வீடும் மனையும் முதலீடு. அது எந்த நாட்டில் இருந்தாலும் முதலீடுதான். செங்கல்பட்டுப் பக்கம் வாங்கிப்போட்ட மனை, சென்னையில் வாடகைக்கு விட்ட அடுக்ககம், ஊர் வங்கியில் உள்ள வைப்புத்தொகை எல்லாம் படிவத்தில் வர வேண்டியவை. கலிபோர்னியாவில் இருபது லட்சம் டாலர் சொந்த வீட்டில் குடியிருந்து, ஓய்வூதியக் கணக்கை முழுமையாக நிரப்பி வைத்திருக்கும் ஒருவர் இந்தப் படிவத்தின் கண்ணுக்கு ஏறக்குறைய சொத்தில்லாதவர். வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஊரில் நிலம் வாங்கியவர் சொத்துக்காரர். இரண்டில் யாருக்குத் தேவை அதிகம் என்பது படிவத்தின் கவலை இல்லை.

இந்த விதிகள் வானத்திலிருந்து விழவில்லை. தேவையை அளக்கும் வழக்கமே கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சிறந்த மாணவர்களைப் பிடிக்க கிழக்குக் கரைக் கல்லூரிகள் உதவித்தொகையை ஏலம்போல் ஏற்றிக்கொண்டிருந்தன. ஹார்வர்டில் நிதியுதவியைக் கவனித்த ஜான் மன்ரோ, குடும்பத்தின் வருமானத்திலிருந்து அது கொடுக்கக்கூடிய தொகையைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை உருவாக்கினார். 1954-இல் கல்லூரி வாரியம் அந்த வழியில் ஒரு சேவை அமைப்பையே தொடங்கியது. 1958 முதல் ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் எம்.ஐ.டி.யும் ஆண்டுதோறும் கூடி, தங்களில் பல இடங்களில் சேர்க்கை பெற்ற மாணவர்களின் பெயரை ஒவ்வொன்றாக எடுத்து, யார் எவ்வளவு தருவது என்று ஒரே தொகைக்கு வந்தார்கள். எங்கே போனாலும் குடும்பம் கொடுக்க வேண்டியது ஒன்றே. அவர்கள் இதை அறம் என்றார்கள்: பணம் தேவைப்படுபவருக்கே போகட்டும், கெட்டிக்காரப் பணக்காரரை விலைக்கு வாங்க வேண்டாம். 1991-இல் அமெரிக்க நீதித்துறை இதை விலைக் கூட்டுச்சதி என்று வழக்குப் போட்டது. ஐவி பல்கலைக்கழகங்கள் எட்டும் சமரசத்தில் கையெழுத்திட்டு விலகிக்கொண்டன. எம்.ஐ.டி. மட்டும் வழக்காடி, கீழ் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் ஓரளவு மீண்டு, 1993 இறுதியில் சமரசத்துக்கு வந்தது.

அறமா, கூட்டுச்சதியா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். சந்தை தடுக்கப்பட்டதால் ஏழை மாணவருக்குக் கிடைத்தது உண்மை. சந்தை தடுக்கப்பட்டதால் கல்லூரிகளுக்குச் செலவு மிச்சமானதும் உண்மை. நம் கேள்விக்கு வேண்டிய செய்தி இது: தேவையை மட்டுமே பார்க்கும் முறை ஒப்பந்தத்தால் தாங்கப்பட்டு நின்ற ஒன்று. ஒப்பந்தம் தளர்ந்த இடங்களில் எல்லாம், தேவை இல்லாதவர்களுக்கும் பணம் பாயத் தொடங்கியது.

அரசின் பக்கமும் இதே கதை வேறு வழியில் நடந்தது. 1965 நவம்பர் 8 அன்று லிண்டன் ஜான்சன், தான் படித்த டெக்சாஸ் மாநில சான் மார்கோஸ் கல்லூரிக்கே போய் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நோக்கம் ஏழை மாணவர். 1972-இல் வந்த அடிப்படை மானியமும் (பின்னாளில் செனட்டர் கிளெய்போர்ன் பெல் பெயரைத் தாங்கியது) அதே நோக்கம் கொண்டது. 1970-களின் பிற்பகுதியில் நடுத்தர வர்க்கம் முனகத் தொடங்கியது: வரி கட்டுவது நாங்கள், உதவி பெறுவது வேறு யாரோ. கட்டணத்துக்கு வரிச்சலுகை கொடுக்கலாமா என்று நாடாளுமன்றம் யோசித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு மாற்றாக ஜிம்மி கார்ட்டர் 1978-இல் நடுத்தர வருமான மாணவர் உதவிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அரசு வட்டி மானியம் தரும் மாணவர் கடனுக்கு இருந்த வருமான வரம்பு அடியோடு நீக்கப்பட்டது. மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் மலிவான கடனை வாங்கலாம், வாங்கினார்கள். கடன் தொகை வீங்கியது. 1981-இல் ரீகன் ஆட்சியில் 30,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மீண்டும் தேவைச் சோதனை வந்தது.

1992-இல்தான் இன்றைய ஏற்பாடு உருவானது. அந்த ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. எல்லாருக்கும் பொதுவான இலவசப் படிவத்தை உருவாக்கியது. குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கிலிருந்து நீக்கியது. வட்டி மானியம் இல்லாத கடன் ஒன்றை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிட்டது. அந்தக் கடனை வாங்கவும் அதே படிவத்தையே நிரப்ப வேண்டும். தேவையை அளக்க வந்த படிவம், தேவையே கேட்காத ஒன்றுக்கும் வாசலாகியது.

இன்றும் அப்படித்தான். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாமாண்டில் 6,500, அதன்பிறகு ஆண்டுக்கு 7,500 என மொத்தம் 31,000 டாலர்வரை மத்திய அரசுக் கடன் வாங்கலாம். பெற்றோர் கோடீஸ்வரராக இருந்தாலும் வாங்கலாம். வட்டி மானியம் மட்டும் கிடைக்காது. 2025-26-இல் வட்டி 6.39 சதவீதம், கடன் தீரும்வரை மாறாது. மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோர் கையெழுத்தோ கடன் மதிப்பெண்ணோ கேட்காமல், பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரிலேயே கிடைக்கும் கடன் வேறு அரிது. வேலை கிடைக்காவிட்டால் தவணையை வருமானத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளும் வசதியும் தனியார் வங்கியில் பொதுவாக இல்லை. படிவத்தில் ஒரு மூலையில் இன்னொரு கதவும் உண்டு: பெற்றோர் தங்கள் விவரத்தைத் தரவே மறுத்தால், மாணவர் இந்த மானியமற்ற கடனுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம்.

தேவை இல்லாதவருக்கு உதவி என்பது கொள்கையாகவே வளர்ந்த இடம் ஜார்ஜியா. ஆளுநர் ஜெல் மில்லர் 1993-இல் மாநில லாட்டரி வருமானத்தில் ஹோப் உதவித்தொகையைத் தொடங்கினார். பள்ளியில் 'பி' சராசரி எடுத்தால் மாநிலக் கல்லூரியில் கட்டணம் இலவசம். முதலாண்டில் குடும்ப வருமானம் 66,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அடுத்த ஆண்டு வரம்பு ஒரு லட்சம் ஆனது. 1995-இல் வரம்பே போய்விட்டது. மூன்றே ஆண்டில் வருமான வரம்பு கொண்ட ஒரு திட்டம் எல்லாருடைய திட்டமாகி, தேர்தலில் யாரும் தொட முடியாததாகிவிட்டது. மில்லரின் அரசியல் கூர்மையை மெச்சத்தான் வேண்டும்.

பொருளியலாளர் சூசன் டைனார்ஸ்கி அந்தத் திட்டத்தைப் பற்றி 2000-இல் எழுதிய ஆய்வில், படிவத்தைப் பற்றிய ஒரு விவரம் வருகிறது. மற்ற எல்லாவற்றையும்விட அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தத் தொடக்க ஆண்டுகளில், வருமானம் 50,000 டாலருக்கு மேல் உள்ள வீடு ஒரு பக்கப் படிவத்தை நிரப்பினால் போதும். அதற்குக் கீழே இருந்தால் நீண்ட மத்திய அரசுப் படிவம் முழுவதையும் நிரப்ப வேண்டும். காரணம், பெல் மானியம் கிடைத்தால் அதை ஹோப் தொகையிலிருந்து கழித்துக்கொள்வார்கள். ஏழைக்குப் படிவமும் பெரிது, கிடைப்பதும் குறைவு. கல்லூரிச் சேர்க்கை திட்டத்தால் உயர்ந்தது. உயர்வு பெரும்பாலும் நடுத்தர, மேல்நடுத்தரக் குடும்பங்களில் நிகழ்ந்தது என்றும், இன, வருமான இடைவெளி விரிந்தது என்றும் அவர் கண்டார். ரூபன்ஸ்டைன், ஸ்காஃபிடி இருவரும் 2002-இல் செய்த ஆய்வு லாட்டரிச் சீட்டை அதிகம் வாங்குபவர்கள் யார், பயனை அதிகம் பெறுபவர்கள் யார் என்று பார்த்தது: வாங்கியவர்கள் வருமானம் குறைந்த வீடுகளிலும், பெற்றவர்கள் வருமானம் கூடிய வீடுகளிலும் இருந்தார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கார்ன்வெல், மஸ்டர்ட் இன்னொன்றைக் கணக்கெடுத்தார்கள். ஹோப் வந்தபின் மாநிலத்தில் கார் பதிவு கூடியிருந்தது. மிச்சமான கட்டணப் பணத்தில் பெற்றோர் பிள்ளைக்குக் கார் வாங்கித் தந்திருக்கிறார்கள். உள்ளூரில் தங்கிப் படித்தால் கார் வாங்கித் தருகிறோம் என்று பேரம் பேசியிருப்பார்களோ என்னவோ.

ஃப்ளோரிடா 1997-இல் இதையே பின்பற்றியது. டென்னசி, மேற்கு வர்ஜீனியா, லூசியானா எனத் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் பரவியது. டென்னசியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் மதிப்பெண்ணுக்குத் தரும் இந்தத் தொகைக்கே ஃபாஃப்சா நிரப்புவது கட்டாயம். வருமானத்தைப் பார்க்காத உதவிக்கு வருமானப் படிவம் எதற்கு என்று கேட்கலாம். மத்திய அரசுப் பணம் வரக்கூடிய இடத்தில் மாநிலப் பணத்தைச் செலவழிக்க எந்த மாநிலமும் விரும்பாது. ஆகவே 'நமக்குக் கிடைக்காது' என்று படிவத்தை ஒதுக்கிய டென்னசிக் குடும்பம், மதிப்பெண்ணால் மட்டுமே வந்திருக்க வேண்டிய பணத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறது. எதிர் உதாரணமும் உண்டு: அலபாமா பல்கலைக்கழகம் வெளிமாநில மாணவர்களை ஈர்க்க, மதிப்பெண்ணுக்கும் தேர்வுப் புள்ளிக்கும் இவ்வளவு என்று அட்டவணையே வெளியிடுகிறது, அதற்கு வருமானப் படிவம் வேண்டாம்.

தனியார் கல்லூரிகளில் நடப்பது இன்னும் சிக்கலானது. 1976-இல் பாஸ்டன் கல்லூரியின் சேர்க்கைத் தலைவர் ஜாக் மகுவைர் 'சேர்க்கை மேலாண்மை' என்ற கருத்தை முன்வைத்தார். சேர்க்கை, நிதியுதவி, விளம்பரம், மாணவர் நிலைத்திருப்பது அனைத்தையும் ஒரே அலுவலகத்தின் கீழ் கொண்டுவந்து, எண்களை வைத்து நடத்துவது. நாற்பதாயிரம் டாலர் தேவையுள்ள ஒரு மாணவருக்கு முழுத் தொகையையும் கொடுப்பதைவிட, தேவையே இல்லாத நான்கு பேருக்குத் தலா பத்தாயிரம் கொடுத்து மீதியை அவர்களிடம் வாங்கிக்கொள்வது கல்லூரிக்கு லாபம். நியூ அமெரிக்கா அமைப்பின் ஸ்டீபன் பர்ட் 2013 முதல் எழுதிவந்த அறிக்கைகளின் சாரம் இதுதான். தனியார் லாபநோக்கற்ற கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களின் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல், 2023-24 கணக்குப்படி சுமார் 56 சதவீதம், தள்ளுபடியாகத் திரும்பிப் போகிறது என்று கல்லூரிகளின் வணிக அலுவலர் சங்கத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. ஆடி மாதத் துணிக்கடைபோல, ஒட்டிய விலைக்கு வாங்குபவர் அபூர்வம். அந்தத் தள்ளுபடிக்கு 'தலைவர் விருது', 'முதல்வர் உதவித்தொகை' என்று பெயர் வைத்து உறையில் போட்டு அனுப்புவார்கள். அதைப் பெறும் வீட்டில் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். பேசட்டும், பிள்ளை படித்ததும் பொய்யில்லை.

ஆனால் இந்த இடத்தில் படிவத்தின் தன்மை மாறிவிடுகிறது. விற்பவருக்கு வாங்குபவரின் பணப்பையைத் திறந்து காட்டுவது அது. கல்லூரிகள் அதை எப்படியெல்லாம் பார்த்தன என்பதற்கு ஒரு சான்று: மாணவர் படிவத்தில் எழுதிய கல்லூரிப் பட்டியல் முழுவதும் ஒரு காலத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் போனது. தங்கள் பெயரை முதலில் எழுதியவர் எப்படியும் சேர்ந்துவிடுவார் என்று கணித்து, அவருக்குத் தள்ளுபடியைக் குறைக்கலாம் என்ற எண்ணம் சில அலுவலகங்களில் இருந்தது வெளியே தெரியவந்ததும் விவாதம் எழுந்தது. 2016-17 படிவம் முதல் மத்திய அரசு அந்தப் பட்டியலைக் கல்லூரிகளுக்குக் காட்டுவதை நிறுத்தியது.

இன்னொரு அச்சமும் நியாயமானது: உதவி கேட்டால் சேர்க்கையே போய்விடுமோ? கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்திலேயே, தேவை அடிப்படையிலான உதவி நாடுவீர்களா என்ற கேள்வி இருக்கிறது. பெருநிதி கொண்ட சில பல்கலைக்கழகங்கள் அமெரிக்க மாணவர்களின் பதிலைச் சேர்க்கையில் பார்ப்பதில்லை. பார்க்கும் கல்லூரிகள் ஏராளம். பார்க்கவில்லை என்று சொன்னவர்கள் மீதும் 2022-இல் ஒரு வழக்கு வந்தது. ஐவி சமரசத்துக்குப் பிறகு 1994-இல் நாடாளுமன்றம் கொடுத்த விலக்கின் கீழ், தேவையைப் பார்க்காமல் சேர்க்கும் கல்லூரிகள் 2022 வரை உதவிச் சூத்திரத்தைக் கூடிப் பேச முடிந்தது. ஆனால் இவர்கள் சில இடங்களில் பணக்கார விண்ணப்பதாரர்களுக்குச் சலுகை காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே பத்துப் பல்கலைக்கழகங்கள் 2024-க்குள் மொத்தம் 28 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்துத் தங்கள் பங்கை முடித்துக்கொண்டன.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், வசதியுள்ள குடும்பம் விண்ணப்பிக்க வேண்டுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. தேவையைப் பார்த்துச் சேர்க்கும் கல்லூரியில், உதவி கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்த குடும்பம் 'ஆம், கேட்போம்' என்று குறிப்பது மோசமான வியாபாரம்: சேர்க்கையில் சிறு சேதம், கையில் ஒன்றும் இல்லை. அது உறுதியாகத் தெரிகிறதா என்பதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது. 2008 சட்டத்தின்படி, 2011 அக்டோபர் முதல் மத்திய உதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் நிகர விலைக் கணிப்பான் ஒன்றை வைத்தாக வேண்டும். பெயர் கொடுக்காமல் வருமானத்தைப் போட்டுப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை. சொந்தத் தொழில் உள்ள வீட்டுக்கும் விவாகரத்தான பெற்றோருக்கும் அது சரியாகச் சொல்லாது. சம்பளக்காரர்களுக்குப் பெரும்பாலும் பக்கத்தில் வரும்.

அங்கே பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கும். ஹார்வர்ட் 2025-26 முதல் இரண்டு லட்சம் டாலர்வரை வருமானமுள்ள வீட்டுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்றது, எம்.ஐ.டி.யும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் அதே கோட்டை வரைந்தன. பிரின்ஸ்டன் இரண்டரை லட்சம்வரை போனது. அந்த வருமானத்தைத் தமிழ்க் குடும்பம் ஒன்று வறுமை என்று சொல்லாது. இவற்றுக்கு ஃபாஃப்சாவோடு வேறு படிவங்களும் தேவைப்படலாம். சுமார் இருநூறு கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் அவற்றில் முக்கியமானது: முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. மன்ரோ காலத்துச் சேவையின் வாரிசு அது. வீட்டின் மதிப்பைப் பல கல்லூரிகளுக்காக அது கேட்கும். பிரிந்து வாழும் தந்தையின் வருமானத்தையும் கேட்கும். பென்சில்வேனியா 2025-26 முதல் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. மற்றவர்களில் பலர் நிறுத்தவில்லை.

இதற்கு நேரெதிராக, உள்மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்து, கடன் வாங்கும் எண்ணமும் இல்லாமல், நான்காண்டுக் கட்டணத்தைச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தப் படிவத்தால் வரும் பயன் சொற்பம். அதை நிரப்பியே தீர வேண்டும் என்று வற்புறுத்தும் ஆலோசகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே ஒரு காரணத்துக்காக அந்தக் குடும்பமும் யோசிக்கலாம். படிவம் பார்ப்பது இரண்டாண்டுக்கு முந்தைய வருமானம். வேலை போனால், பெற்றோரில் ஒருவர் இறந்தால், பெரிய மருத்துவச் செலவு வந்தால், கல்லூரி நிதி அலுவலர் தன் விவேகத்தின்படி அந்த எண்ணை மாற்றச் சட்டம் அனுமதிக்கிறது. மாற்றுவதற்கு முதலில் ஒரு எண் பதிவாகியிருக்க வேண்டும். சில கல்லூரிகளில் முதலாண்டில் விண்ணப்பிக்காதவர் அடுத்த ஓரிரு ஆண்டுகள் கல்லூரியின் சொந்த நிதிக்கு விண்ணப்பிக்க முடியாது என்ற விதியும் உண்டு.

வேலை போவது என்பது எச்-1பி விசாவில் இருக்கும் வீட்டுக்கு வெறும் ஊகம் இல்லை. அவர்களுடைய நிலை தனியாகச் சொல்லத்தக்கது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை குடியுரிமையாளர். பெற்றோரின் விசா எதுவானாலும் மத்திய அரசு உதவிக்கு அவர் விண்ணப்பிக்கலாம். அதே வீட்டில், ஊரில் பிறந்து, சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் வளர்ந்த அக்காவோ அண்ணனோ, அதே பள்ளியில் படித்து அதே மதிப்பெண் எடுத்தாலும், மத்திய உதவிக்குத் தகுதியில்லை. பெற்றோர் பெயரில் வாங்கும் அரசுக் கடனும் எச்-1பி பெற்றோருக்குக் கிடையாது; குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ போன்ற தகுதி வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் அவசரமாகத் திறந்த புதிய படிவம், சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் விவரத்தைப் பல வாரங்கள் ஏற்கவே மறுத்தது. வேலை பார்க்க அனுமதி இல்லாத மனைவியர் பலர் அந்த எண் இல்லாதவர்கள்.

அந்தப் புதிய படிவம் 2020 டிசம்பரில் நிறைவேறிய எளிமையாக்கச் சட்டத்தின் விளைவு. கேள்விகளைப் பாதிக்கும் மேல் குறைத்தது. வருமான வரித் துறையிலிருந்து விவரத்தை நேரே எடுத்துக்கொண்டது. எளிமையாக்கம் ஏழைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருந்தது. 2008-இல் பெட்டிங்கர், லாங் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வரிக் கணக்குத் தயாரிக்க வரும் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு அங்கேயே படிவத்தை நிரப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள்; கல்லூரி சென்ற பள்ளி மாணவர் விகிதம் சுமார் 8 சதவீதப் புள்ளி கூடியது. தகவலை மட்டும் கொடுத்து அனுப்பிய குழுவில் மாற்றமே இல்லை. ஆனால் அதே சட்டம், சத்தமில்லாமல், மேல்நடுத்தர வீடுகளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. முன்பு ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் பெற்றோரின் பங்கு இரண்டாகப் பிரியும். 50,000 என்றால் ஆளுக்கு 25,000. 2024-25 முதல் அந்தப் பிரிவினை இல்லை, ஆளுக்கு 50,000. ஒன்றரை வயது வித்தியாசத்தில் இரண்டு பிள்ளைகள் பெற்ற வீட்டுக்கு, சம்பளம் ஒரு டாலர்கூடக் கூடாமல், தேவை மறைந்தது. சிஎஸ்எஸ் கேட்கும் கல்லூரிகள் பல இன்னும் பிரித்தே பார்க்கின்றன.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் கோட்டை மறுபடி நகர்த்தியது. 2026 ஜூலையிலிருந்து, குறியீட்டெண் பெல் மானிய உச்சத்தின் இரண்டு மடங்குக்கு வந்துவிட்டால் பெல் கிடையாது. உச்சம் இப்போது 7,395 டாலர். இரண்டு மடங்கு இருப்பவருக்கு எப்படிப் பெல் கிடைத்தது என்று கேட்டால், வரிக் கணக்கில் வருமானம் குறைவாகத் தெரிந்து சொத்து நிறைய இருந்த சிலருக்கு எளிமையாக்கச் சட்டத்தின் ஒரு வழி திறந்திருந்தது. அதை மூடியவர்கள், அதே சட்டத்தில், குடும்பப் பண்ணையையும் சிறு தொழிலையும் சொத்துக் கணக்கிலிருந்து மீண்டும் விலக்கினார்கள். பெற்றோர் பெயரில் வாங்கும் அரசுக் கடனுக்கும் வரம்பு வந்தது: அதுவரை கல்லூரிச் செலவு முழுவதற்கும் வாங்கலாம் என்றிருந்ததை, புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று நிறுத்தினார்கள். ஆண்டுக்கு 90,000 கேட்கும் கல்லூரியில் உதவியும் தள்ளுபடியும் கிடைக்காத வீடு, மீதித் தொகைக்குத் தனியார் வங்கியிடம்தான் போக வேண்டும். வங்கி ஃபாஃப்சாவைக் கேட்பதில்லை. அப்பா அம்மாவின் கடன் மதிப்பெண்ணைக் கேட்கும்.